அத்தியாயம் 7: கேபினெட்டுக்குள் எந்தக் குருணை?

பிளாஸ்டிங் கேபினெட் வாங்கியவர் முதலில் கேட்பது, "எந்த மீடியா நல்லது?" என்பதுதான். விற்பவரும் பதில் சொல்வார். அன்றைக்கு அவர் குடோனில் எது மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதோ அது நல்லது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: கேபினெட்டிலிருந்து வெளியே வரும் சாமான் அடுத்து எங்கே போகிறது? பெயின்டுக்கா, எஞ்சினுக்குள்ளா, சூளைக்கா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மீடியாப் பட்டியலில் பாதி தானாகவே அடிபட்டுப் போகும்.

வேப்பூரில் பட்டறை வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்க்காரர்களைவிட அவசியம். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் கூட்டுரோடு இது. லாரி வீல், டிராக்டர் கலப்பை, அறுவடை மெஷின் பாகம் என்று இரும்பு வேலை ஒரு பக்கம். கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் விருத்தாசலம். அங்கே பீங்கான் பொம்மையும் மின்சார பீங்கான் சாமானும் செய்யும் சிறு யூனிட்டுகள், செராமிக் டிப்ளமோ சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனம். அங்கிருந்து வருவது கிளேஸ் ஒட்டிய சூளைப் பலகையும் பிரஸ் டையும். இரண்டு வகை வேலையும் ஒரே கேபினெட்டுக்குள் நுழைந்தால் தொல்லை தொடங்கும். காலையில் துரு எடுத்த கலப்பையின் இரும்புத் தூள் மதியம் சூளைப் பலகையில் ஏறும். பலகையிலிருந்து வெள்ளைச் சாமானில் ஏறும். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் வெந்து வரும்போது அது பழுப்புப் புள்ளியாக, சில சமயம் கறுப்புப் புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளிக்காக யூனிட்காரர் தன் களிமண்ணைக் குறை சொல்வார், கிளேஸைக் குறை சொல்வார். உங்கள் கேபினெட்டை அவர் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்.

மணல் வேண்டாம், உடைசலும் வேண்டாம்

"அண்ணே, மணிமுத்தாற்று மணலைச் சலிச்சுப் போட்டா ஆகாதா?" என்று கேட்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இந்தத் தொழிலே மணலில் தொடங்கியதுதான். 1870-இல் பெஞ்சமின் டில்மன் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கியது மணலை வீசியடிக்கும் முறைக்கு. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா. வேகமாக மோதும்போது அது நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத தூளாகும். நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். சிலிகோசிஸ் வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. பிரிட்டன் 1949-இலேயே வார்ப்படங்களைச் சுத்தம் செய்ய மணல் வீசுவதை விதி போட்டு நிறுத்தியது. அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனமான நியோஷ், ஒரு சதவீதத்துக்கு மேல் தனிச் சிலிக்கா உள்ள எதையும் பிளாஸ்டிங்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1974-இல் பரிந்துரைத்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் அடித்த இளைஞர்கள் நோயில் விழுந்த பிறகு, துருக்கி 2009-இல் அந்த வேலைக்குத் தடை போட்டது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. கேபினெட் மூடியிருக்கிறதே என்ற சமாதானம் செல்லாது. கதவு திறக்கிறோம், டஸ்ட் பையைத் தட்டுகிறோம், கையுறை ஓட்டையாகிறது.

இந்தப் பக்கத்தில் இன்னொரு யோசனையும் யாருக்காவது வரும்: உடைந்த பீங்கானை இடித்துச் சலித்து மீடியாவாக்கினால் என்ன? உடைசல் மலையாகக் கிடக்கிறது, கடினமாகவும் இருக்கிறது, காசும் இல்லை. செய்யாதீர்கள். பீங்கான் மாவில் சேர்த்த குவார்ட்ஸ் முழுவதும் சூளையில் உருகிக் கண்ணாடியாகிவிடுவதில்லை. ஒரு பங்கு படிகமாகவே உள்ளே நிற்கும். வெப்பநிலையைப் பொறுத்துக் கிறிஸ்டோபலைட் என்ற இன்னொரு படிகமாகவும் மாறியிருக்கும். இடித்த உடைசலும் மணல்தான், சட்டை மாற்றிக்கொண்ட மணல். ஆச்சரியம் என்னவென்றால் உடைந்த கண்ணாடி பாட்டில் அப்படியில்லை. கண்ணாடியில் உள்ள சிலிக்காவுக்குப் படிக வடிவம் கிடையாது. அதனால்தான் இடித்த கண்ணாடியை மீடியாவாக விற்கிறார்கள், கண்ணாடி பீடையும் விற்கிறார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். நீங்கள் எவ்வளவு சுத்தமான மீடியா போட்டாலும் பீங்கான் சாமான்மீது அடித்தால் பறக்கும் தூளில் சிலிக்கா இருக்கும். அது சாமானிலிருந்து வருவது. எனவே செராமிக் வேலை எடுக்கும் கேபினெட்டில் நல்ல டஸ்ட் கலெக்டர் கட்டாயம். ஃபில்டர் தட்டும்போது கைக்குட்டை போதாது, துணி மாஸ்க்கும் போதாது. முகத்தோடு ஒட்டி நிற்கும் எஃப்எஃப்பி2 தரத்துக்குக் குறையாத மாஸ்க் வேண்டும். கீழே சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

முதலில் கம்ப்ரஷரைப் பாருங்கள்

மீடியா வாங்கும் முன் கம்ப்ரஷர் தகட்டில் எத்தனை சிஎஃப்எம் என்று எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 100 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஏறக்குறைய 20 சிஎஃப்எம் காற்றைக் குடிக்கும். ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த துளை 45, ஆறரை மில்லிமீட்டர் துளை 80. ஐந்து எச்பி பிஸ்டன் கம்ப்ரஷர் தருவது பதினைந்து முதல் இருபது வரைதான். அதில் ஆறரை மில்லிமீட்டர் நாசிலை மாட்டிவிட்டு "மீடியா வேலை செய்யலை" என்று மூட்டையைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. மீடியாவில் குறையில்லை, காற்றுதான் பற்றவில்லை. நாசில் தேய்வதும் இதே கணக்குத்தான்: துளை ஐந்திலிருந்து ஆறரைக்குப் போனால் காற்றுத் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரு டிரில் பிட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை நுழைத்துப் பாருங்கள்.

சின்னப் பட்டறைகளில் இருப்பது பெரும்பாலும் சக்‌ஷன் வகை கேபினெட். அடியில் கிடக்கும் மீடியாவைக் காற்றே உறிஞ்சி மேலே தூக்கும். கனமான இரும்பு ஷாட்டைத் தூக்க அது திணறும். ஷாட்தான் வேண்டும் என்றால் பிரஷர் பாட் வகைக்குப் போக வேண்டும். வேகமும் மூன்று நான்கு மடங்கு கூடும், விலையும் கூடும்.

சிறு குருணையின் பலம்

பெரிய குருணை போட்டால் வேகமாகச் சுத்தமாகும் என்பது பட்டறைகளில் ஊறிப்போன நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பாருங்கள். குருணையின் விட்டம் பாதியானால் அதன் எடை எட்டில் ஒன்றாகும். அதே ஒரு கிலோவில் எட்டு மடங்கு குருணை இருக்கும். ஒவ்வோர் அடியும் சிறியது, ஆனால் எட்டு அடி. மெல்லிய துரு, புகைக் கறை, பழைய பாலிஷ் போன்றவற்றுக்கு அடியின் எண்ணிக்கைதான் முக்கியம். தடித்த பெயின்டுக்கும் சூளையில் இறுகிய கிளேஸ் சொட்டுக்கும் மட்டுமே ஒவ்வோர் அடியின் கனமும் முக்கியம். ஆகவே வேலையை முடிக்கும் அளவுகளில் மிகச் சிறியதை எடுங்கள். மேற்பரப்பில் பள்ளம் குறையும், பெயின்டும் குறைவாகச் செலவாகும்.

அளவு எண்ணில் ஒரு குழப்பம் உண்டு, ஆர்டர் கொடுக்கும்போது கவனம். அலுமினாவில் எண் ஏற ஏறக் குருணை சிறிதாகும்: எஃப்36 ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், எஃப்60 கால் மில்லிமீட்டர், எஃப்120 என்றால் பத்தில் ஒரு மில்லிமீட்டர். ஸ்டீல் ஷாட்டில் தலைகீழ். எஸ்330 என்பது எஸ்170-ஐவிடப் பெரியது. அதே கடையில் வாங்கும் ஸ்டீல் கிரிட்டில் மறுபடியும் எண் ஏறினால் சிறிது. போனில் வெறும் எண்ணைச் சொல்லி ஆர்டர் போடாதீர்கள், மைக்ரானில் கேளுங்கள்.

அலுமினா: பாதி வேலை இதில் முடியும்

ஒரே ஒரு மீடியாதான் வாங்க முடியும் என்றால் நான் சொல்வது பழுப்பு அலுமினா, எஃப்60 அல்லது எஃப்80. பாக்சைட்டை மின்வில் உலையில் உருக்கி, ஆறிய பாறையை உடைத்துச் சலிப்பது. மோ அளவில் கடினம் 9. வைரத்துக்கு அடுத்த வரிசை. முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் தொடங்கியது. அதன் அலுமினா உலைகள் கேரளத்தில் உள்ளன. எனவே நமக்கு இது தூரத்துச் சரக்கு இல்லை. ராஜஸ்தானத்து ஜோத்பூரிலிருந்தும் பிளாஸ்டிங் வியாபாரிகள் அனுப்புகிறார்கள். லாரி வாடகையையும் சேர்த்து விலை பாருங்கள்.

பழுப்புக்குள் டைட்டானியம் ஆக்சைடு இரண்டு மூன்று சதவீதமும் சிறிது இரும்பு ஆக்சைடும் இருக்கும். பெயின்டுக்குப் போகும் சாமானுக்கு அதனால் ஒன்றுமில்லை. சூளைக்குத் திரும்பும் பலகைக்கும் வெள்ளைச் சாமானுக்கும் வெள்ளை அலுமினா எடுங்கள். 99 சதவீதத்துக்கு மேல் சுத்தம். பழுப்பைவிடச் சீக்கிரம் உடையும், விலையும் கூடுதல். அந்தக் கூடுதல் பணம் ஒரு சூளைச் சாமான் புள்ளி விழுந்து போவதோடு ஒப்பிட்டால் பெரிதில்லை.

சூளைப் பலகையில் ஒட்டிய கிளேஸ் சொட்டை உளி வைத்துத் தட்டும்போது பலகையும் சேர்ந்து பெயர்கிறது. கேபினெட்டில் எஃப்36 அல்லது எஃப்46 வெள்ளை அலுமினா, 70–80 பிஎஸ்ஐ. நாசிலைச் சாய்க்காமல் ஏறக்குறைய நேர்க்குத்தாகப் பிடியுங்கள். கிளேஸ் நொறுங்கும் பொருள். நொறுங்குகிற பொருள் நேரடி அடியில்தான் அதிகம் அரிபடும். இரும்பும் அலுமினியமும் இதற்கு மாறு: தாழ்ந்த கோணத்தில் செதுக்கும்போது அதிகம் போகும். இதை நீங்களே பார்க்கலாம். ஒரு உடைந்த கப்பை எடுத்து, ஒரே நாசிலில், ஒரே தூரத்தில், ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் படுக்கைவாட்டிலும் பத்து விநாடி அடியுங்கள். நேராக அடித்த இடத்தில் கிளேஸ் போய்ச் சொரசொரப்பான வெள்ளை மாவு தெரியும். சாய்த்து அடித்த இடம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். செராமிக் வேலைக்கு விலை பேசும் முன் இந்தச் சோதனையை அவர்களுடைய உடைசலிலேயே செய்து காட்டுங்கள், பேச்சு குறையும். சொட்டு போனதும் பலகையை ஊதி, துடைத்து, புதிதாகக் கிலன் வாஷ் பூசித்தான் அனுப்ப வேண்டும்.

கண்ணாடியிலோ கிளேஸ் போட்ட மக்கிலோ பெயர், படம் பொறிக்க எஃப்120 முதல் எஃப்220 வரை, 30–40 பிஎஸ்ஐ போதும். மறைக்க வினைல் ஸ்டிக்கர். மெத்தென்ற வினைல் அரிபடாமல், கடினமான கிளேஸ் ஏன் அரிபடுகிறது என்று பலர் கேட்பார்கள். வினைல் அடியை வாங்கிக்கொண்டு நெளிகிறது, குருணை திரும்பிப் போகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் ஓரம் கிழியும். மக்கின் உள்பக்கத்தை மட்டும் பொறிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கிளேஸ் போன இடத்தில் கறை பிடிக்கும்.

சிலிக்கான் கார்பைடின் ஒரு சிக்கல்

கிளேஸ் சொட்டுக்கு இன்னும் வேகமானது சிலிக்கான் கார்பைடு. அலுமினாவைவிடக் கடினம், கூர்மை. 1890-களின் தொடக்கத்தில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் சுட்டுக்கொண்டிருந்தபோது கிடைத்த பொருள் என்பதால் பீங்கான் ஊருக்குப் பங்காளி என்றே சொல்லலாம். ஆனால் சூளைக்குப் போகும் எதன்மீதும் நான் இதை அடிக்கச் சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கும் தூள் கிளேஸில் கலந்தால் சூட்டில் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு வாயு விடும். கிளேஸ் குமிழ் விட்டுக் குழியாகும். ஸ்டுடியோ குயவர்கள் வேண்டுமென்றே சிலிக்கான் கார்பைடு சேர்த்து எரிமலைக் குழி போன்ற கிளேஸ் செய்வார்கள். பொம்மைக்காரருக்கு அது சேதாரம். கல்லிலும் கண்ணாடியிலும் ஆழமாக எழுத்து வெட்ட மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி பீடு

கண்ணாடி பீடு உருண்டை. வெட்டாது, தட்டும். அதனால் அளவு மாறாது, மேற்பரப்பு பட்டுப்போல் மங்கலாக வரும். பிரஸ் டை, ஸ்டெயின்லெஸ் பாகம், கார்புரேட்டர், அலாய் வீல், பழைய புல்லட்டின் கிராங்க்கேஸ் எல்லாவற்றுக்கும் இதுதான். டையில் அலுமினா அடித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக உலோகம் போகும். பிரஸ்ஸிலிருந்து வரும் சாமான் தடித்துக்கொண்டே போவதை மாதம் கழித்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பீடுக்கு 40–60 பிஎஸ்ஐ. அதற்கு மேல் ஏற்றினால் உருண்டை உடைந்து சில்லாகும், சில்லு வெட்டத் தொடங்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் ஒரு சிட்டிகையைக் கறுப்புக் காகிதத்தில் தூவிப் பாருங்கள். உருண்டைகளுக்கு நடுவே கூர்முனைச் சில்லுகள் பாதிக்குப் பாதி தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

எஞ்சின் பாகங்களில் ஓர் ஆபத்து. ஆயில் போகும் ஒவ்வொரு துளையையும் ரப்பர் அடைப்பானால் அடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பிறகு கழுவி, ஊதி, மறுபடி கழுவ வேண்டும். ஆயில் பசையுள்ள பாகத்தை நேராக உள்ளே வைத்தால் பீடு அந்தப் பசையில் ஒட்டித் துளைக்குள் இறுகும். வண்டி கிளம்பிய சில மணி நேரத்தில் பேரிங் போகும். துளை அதிகமுள்ள பாகத்துக்குச் சோடா மீடியா பாதுகாப்பு, தண்ணீரில் கரைந்துவிடும்.

இரும்பு, கார்னெட், மற்றவை

ஸ்டீல் ஷாட்டும் கிரிட்டும் நூற்றுக்கணக்கான சுற்று தாங்கும். இரும்புச் சாமானை மட்டும் அடிக்கும் கேபினெட்டுக்கு இதைவிடச் சிக்கனம் இல்லை. ஸ்டெயின்லெஸ், அலுமினியம், பீங்கான் மூன்றின்மேலும் படக் கூடாது. பதிந்த இரும்புத் துணுக்கு மழைக்காலத்தில் துருப்பூவாக வெளியே வரும். அலுமினியத் தூளும் இரும்புத் துருத்தூளும் ஒரே டஸ்ட் பையில் சேர்வது அதைவிட மோசம். தெர்மிட் வெல்டிங்கில் தண்டவாளத்தை உருக்கி ஒட்டுவது அந்த இரண்டின் கலவைதான். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் முன் பையைக் காலி செய்யுங்கள். கேபினெட்டுக்கு எர்த் கொடுங்கள்.

கார்னெட் நம் தென்கடற்கரையின் சொந்தச் சரக்கு. துருவெடுக்க நல்லது, தூசியும் குறைவு. 2013-இல் தமிழ்நாடு அரசு கடற்கரைத் தாது மணல் எடுப்பதைத் தடை செய்தது முதல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்து வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. பில் இல்லாத கார்னெட்டைத் தொடாதீர்கள். சட்டம் ஒரு காரணம். சரியாகப் பிரிக்காத சரக்கில் குவார்ட்ஸும் கடல் உப்பும் மோனசைட்டும் கலந்திருக்கலாம் என்பது இன்னொன்று. உப்பிருந்தால் பெயின்டுக்கடியில் கொப்புளம் எழும்.

தாமிரக் கசடு திறந்தவெளி வேலைக்கானது. ஒரு சுற்றிலேயே தூளாகி கேபினெட் கண்ணாடியை மறைத்துவிடும். வால்நட் ஓடு, சோளக்கதிர்த் தக்கை, பிளாஸ்டிக் குருணை எல்லாம் மெல்லிய பாகத்துக்கும் பைபருக்கும். தேவை வந்தால் ஐந்து கிலோ வாங்குங்கள், இருப்பு வைக்க வேண்டாம்.

விலையும் மழையும்

கிலோ விலையை வைத்துத் தேர்வு செய்யாதீர்கள். எடை போட்டு மீடியா கொட்டுங்கள், ஒரே மாதிரியான சாமான்களை அடியுங்கள், வேகம் குறைந்து மாற்ற வேண்டிவரும் வரை எத்தனை முடிந்தது என்று எண்ணுங்கள். மீடியா விலையை அந்த எண்ணிக்கையால் வகுத்து, ஒரு சாமானுக்கு ஆன ஆள் நேரத்தையும் மின்சாரத்தையும் சேர்த்தால் உண்மை விலை வரும். பல பட்டறைகளில் பெரிய செலவு மீடியா இல்லை. கம்ப்ரஷர் ஓடும் நேரம்தான்.

மீடியா முழுவதையும் ஒரே நாளில் கொட்டி, முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவதும் சரியில்லை. தினமும் ஒரு கை புதுசு சேர்த்துக்கொண்டு, தூளை டஸ்ட் கலெக்டர் இழுக்க விட்டால் கலவை ஒரே சீராக நிற்கும். புனலில் நிரம்ப நிரம்பப் போட்டாலும் ஓட்டம் அடைபடும்.

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மாவட்டக் காற்றில் இருக்கும் ஈரம் முழுவதும் உங்கள் கம்ப்ரஷர் டாங்கில் தண்ணீராக நிற்கும். காலையிலும் மதியத்திலும் வடிகால் வால்வைத் திறந்து விடுங்கள். குழாயில் மாய்ஸ்ச்சர் செப்பரேட்டர் போடுங்கள். கம்ப்ரஷருக்குப் பக்கத்திலேயே போடாமல், காற்று ஆறிய பிறகு கேபினெட் ஓரமாகப் போட வேண்டும். மூட்டையை மரப்பலகைமேல் வையுங்கள். கையில் பிடித்தால் கட்டியாக நிற்கும் மீடியாவைத் தட்டில் பரப்பிச் சூளை ஓரத்தில் காய வைத்தால் போதும், தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆயில் ஏறிவிட்டதா என்று அறிய ஒரு டம்ளர் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் மீடியா போட்டுக் கலக்கி வையுங்கள். மேலே பளபளவென ஆடை மிதந்தால் அந்த மீடியா முழுவதும் போயிற்று. எவ்வளவு காயவைத்தாலும் மீளாது.

பயன்படுத்தி முடித்த மீடியாவில் நீங்கள் அடித்தெடுத்ததெல்லாம் இருக்கும். பழைய பெயின்டில் ஈயம் இருந்திருந்தால் அதுவும், கிளேஸிலிருந்து வந்த உலோகமும். அதை வாசலில் பள்ளம் நிரப்பவோ தோட்டத்தில் கொட்டவோ கொடுக்காதீர்கள். பீங்கான் வேலைத் தூளையும் இரும்பு வேலைத் தூளையும் தனித்தனி டிரம்மில் மூடி, எது எது என்று பெயின்டால் எழுதி வைத்துவிட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள்.